ஊரின் சொல் கம்பெனிக்குள் போகட்டும்

புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் மக்கள் தொடர்பு ஆலோசகராக வேலை பார்ப்பது எப்படி? கிளையன்டின் நம்பிக்கையையும் ஊரின் நம்பிக்கையையும் ஒருசேரக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்கிறது புதுச்சேரி கிராமங்களின் அனுபவம்.

1998 ஜனவரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் நிதி கொடுத்தது. ஊருக்கு ஒரு கணினி, அதை நடத்த உள்ளூர் ஆட்கள், ஊருக்குத் தேவையான தகவல் தமிழில். இந்த மையங்களை எல்லாம் இணைக்கும் தலைமை மையம் வில்லியனூரில் அமைந்தது. சந்தையும் ரயில் நிலையமும் திருக்காமீஸ்வரர் கோயிலும் மாதா கோயிலும் உள்ள ஊர். சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் எப்படியும் வந்து போகிற இடம்.

கணினியை இறக்கும் முன்பு அவர்கள் செய்த காரியம்தான் எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். ஊர் ஊராகப் போய், இங்கே ஒரு தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கேட்டார்கள். கடைக்காரர், உரக்கடை, சந்தை, பக்கத்து வீடு என்று பதில் வந்தது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதற்கப்புறம்தான். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நெல் விலை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கும் நேரம், அரசுத் திட்டங்களுக்கு யாரைப் பார்ப்பது, மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று ஊர் ஒரு பட்டியல் கொடுத்தது. அந்தப் பட்டியல்தான் திட்டம் ஆனது.

நிபந்தனைகளும் இருந்தன. இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும். நடத்துகிற தன்னார்வலர்களை ஊரே தர வேண்டும், அதில் பெண்களும் இருக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வந்து போகிற இடமாக இருக்க வேண்டும். நிறுவனம் கருவிகளும் பயிற்சியும் தரும். தொலைபேசி சரியாக எட்டாத அந்தக் காலத்தில் வயர்லெஸ் மூலம் இணைத்தார்கள். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே நடந்தது. 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த கீழூரிலும் ஒரு மையம் வந்தது.

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? வில்லியனூரில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படை இணையதளம் வெளியிடும் அலை உயரக் கணிப்பை தினமும் எடுத்து, தமிழில் எழுதி அனுப்பினார்கள். கடற்கரையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். படகை இறக்குவதா வேண்டாமா என்று அதைக் கேட்டு முடிவெடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த, இன்னொரு மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி உடனே அலறியது. ஜனங்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். மற்ற நாட்களில் அந்த ஒலிபெருக்கி பொய் சொன்னதில்லை. அதனால்தான் அன்றைக்கு யாரும் நின்று யோசிக்கவில்லை.

நம்பிக்கை எப்படிச் சேர்கிறது, எப்போது பயன்படுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டுப் பேசியது, தினமும் பேசியது, உண்மையைப் பேசியது என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று கார்டு அடித்துக்கொண்ட நாங்கள் இதில் எத்தனையைச் செய்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

யார் இந்த ஊரின் குரல்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளில், கிளையன்டுகளுக்குக் குறைவில்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டையும் வடமங்கலம் தொழிற்சாலைகளும் வில்லியனூர் கொம்யூனில் இருக்கின்றன. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் பாகூர் கொம்யூனில் இருக்கின்றன. பொறியியல் கல்லூரி, ரிசார்ட், ரியல் எஸ்டேட், அரிசி ஆலை, தனியார் பள்ளி என்று பட்டியல் நீளும். எல்லோருக்கும் பிரஸ் நோட் வேண்டும், பிரஸ் மீட் வேண்டும், இப்போது ரீல்ஸும் வேண்டும்.

சென்னையில் இருந்து வருகிற ஏஜென்சி முதலில் தயாரிப்பது ஊடகப் பட்டியல். எந்தப் பேப்பர், எந்தச் சேனல், எந்த நிருபர் என்று எழுதி வைப்பார்கள். பாகூரில் அந்தப் பட்டியல் பாதி வேலைதான் செய்யும். ஏரிப் பாசன சங்கத்துக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், கோயில் அறங்காவலர், மீனவப் பஞ்சாயத்தார், உரக்கடை முதலாளி, பள்ளித் தலைமையாசிரியர், ஊர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின், பகுதி நிருபர் என்று இன்னொரு பட்டியல் இருக்கிறது. அது எந்த ஏஜென்சியிடமும் தயாராகக் கிடைக்காது. டீக்கடையில் உட்கார்ந்து சேர்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் மறுபடியும் தேர்தல் அறிவித்து, அது நின்றுபோனது. பிரெஞ்சுக்காரர் 1880இலேயே கொம்யூன்களை அமைத்த மண்ணில், கொம்யூன் பஞ்சாயத்துகளை 2011க்குப் பிறகு ஆணையர்கள் நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள். வார்டு மெம்பர் இல்லாத ஊரில் ஒரு தொழிற்சாலை தன் தரப்பை யாரிடம் சொல்லும்? ஊர் தன் குறையை யார் மூலம் தொழிற்சாலைக்குச் சொல்லும்? பெரும்பாலும் எம்.எல்.ஏ. அலுவலகம், அல்லது சாலை மறியல். நடுவில் வேறு வழி இல்லை. அந்த நடுவிடத்தில்தான் ஆலோசகர் நிற்கிறார். தேர்ந்தெடுக்கப்பட்டவரின் வேலையை அவர் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஊர் சொன்னதைத் திரிக்காமல் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். அது சின்ன வேலை இல்லை.

பாகூரில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வாங்கும் பாகூர் ஏரி, இந்தப் பகுதியின் நெல்லுக்கு உயிர். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது, ஏரிக்கு ஏரி பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, ஊரோடு பேசி, ஊரின் பங்களிப்போடு வேலை நடந்தது. பொக்லைன் வருவதற்கு முன் கூட்டம் வந்தது. பாகூர் ஜனங்களுக்கு அந்த வரிசை பழக்கம். அதை மாற்றிப் போடுகிற கம்பெனியை அவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

மேசையின் அந்தப் பக்கம்

கிளையன்டோடு உறவு எப்படி நடக்கிறது என்று இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் கேட்கிறார்கள். வழக்கமாக மாதாந்திரக் கட்டணம், அதாவது ரீடெய்னர். மாதம் இத்தனை பிரஸ் நோட், இத்தனை சந்திப்பு, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட். பேப்பர் கட்டிங்குகளை ஒட்டி, இத்தனை சென்டிமீட்டர் செய்தி வந்தது, இதையே விளம்பரமாகப் போட்டிருந்தால் இத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று கணக்குக் காட்டுவார்கள். உலக அளவில் இந்தத் தொழில்காரர்கள் 2010இல் பார்சிலோனாவில் கூடி, விளம்பரக் கட்டணத்தை வைத்து மக்கள் தொடர்பின் மதிப்பை அளக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் இன்னும் அந்த ஸ்கேல் மேசை மேல்தான் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். வில்லியனூர் கொம்யூனில் ஒரு தொழிற்சாலை உற்பத்தியைக் கூட்டப் போகிறது. மேலாளர் ஒரு பிரஸ் நோட் கேட்டார். தலைமை அலுவலகம் அனுப்பிய வரைவில் முதலீடு, வேலைவாய்ப்பு, பசுமை, எதிர்காலம் எல்லாம் இருந்தது. தண்ணீர் என்ற சொல் மட்டும் இல்லை. அதே வாரம் தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கம்பெனி வளரட்டும் தம்பி, யார் வேணாம்னா? எங்க போர்ல மோட்டாரை மறுபடி கீழ இறக்கியாச்சு. அவங்க எவ்வளவு எடுக்கறாங்கன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே."

நான் வரைவைத் திருத்தி மூன்று வரி சேர்த்தேன். ஆலையில் எத்தனை போர்வெல், ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க அனுமதி, சந்தேகம் இருந்தால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது. மேலாளர் படித்துவிட்டு, "சார், நாமளே எதுக்கு இதை எடுத்துக் கொடுக்கணும்? யாரும் கேட்கலையே" என்றார். "கேட்டுக்கிட்டுதான் சார் இருக்காங்க. உங்க காதுக்கு வரல" என்றேன். புதுச்சேரியில் நிலத்தடி நீருக்குத் தனிச் சட்டமும் ஆணையமும் இருக்கின்றன. அனுமதியின் அளவு எப்படியும் கோப்பில் இருக்கிறது, நாளைக்கு வேறொருவர் எடுத்து வெளியிடுவதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது என்று விளக்கினேன். இரண்டு வாரம் இழுத்து, தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. செய்தி சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணுக்குப் போன் வந்தது. விவசாயிகள் நேரில் வந்தார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், மழைநீர்ச் சேகரிப்பு பற்றி வாக்குவாதம் செய்தார்கள். வாக்குவாதம் நடந்தது ஆலைக்குள்ளே, நாற்காலியில் உட்கார்ந்து. ரோட்டில் இல்லை.

கிளையன்டுக்கு நான் செய்ததில் உருப்படியான வேலை அதுதான். கட்டிங் கோப்பில் அது ஒரு விரல் அகலம்கூடத் தேறாது.

சட்டம் சொல்வதையே முதலில் சொல்லுங்கள்

கிளையன்டின் கோபத்துக்குப் பயந்து ஆலோசகர்கள் வாய்மூடி இருக்கும் இடங்கள் பல. அங்கெல்லாம் சட்டம் நமக்குத் துணையாக நிற்கிறது.

மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, மருத்துவர் நோயாளிகளை ஈர்ப்பதற்காகத் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடுக்கிறது. 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. "முழு நிவாரணம்" என்று நோட்டீஸ் அடிக்கச் சொல்லும் நிர்வாகத்திடம் ஆலோசகர் முதல் நாளே இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, எந்தப் பிரிவு எந்த நேரம் திறந்திருக்கும், காப்பீட்டு அட்டைக்கு என்ன தாள் வேண்டும், பாகூரிலிருந்து எந்தப் பஸ் வாசலில் நிற்கும் என்று தெளிவாக எழுதிப் பாருங்கள். ஜனங்களுக்கு வேண்டியது அதுதான்.

தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருக்கிறது. அதன்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் அறிவிப்பு வர வேண்டும். பேப்பர் எட்டாத இடங்களில் பறையடித்தும் சொல்லலாம். கூட்டத்தில் பேசியதைத் தொகுத்து, அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பல நிறுவனங்கள் இதை ஒரு நாள் கண்டமாகப் பார்த்து, ஆள் சேர்த்து, பிரியாணி போட்டு, நல்லவிதமாக நாலு பேரைப் பேச வைத்துத் தாண்டப் பார்க்கின்றன. அதற்கு ஆள் திரட்டிக் கொடுக்கும் ஆலோசகரும் உண்டு. அப்படித் தாண்டிய கூட்டம் ஊரின் மனசில் ஆறாத புண்ணாக நிற்கும். அந்த 30 நாளும் ஊரின் கேள்விகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தயாரிக்கச் சொல்லிக் கிளையன்டை உட்கார வைப்பதுதான் நம் வேலை.

பெரிய நிறுவனங்கள் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பள்ளிச் சுவரில் பெயின்டும், அதைவிடப் பெரிதாகக் கம்பெனி பெயரும் எழுதுவதற்கு முன், 1998இல் வில்லியனூரில் நடந்ததுபோல ஊரிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்குவதில் என்ன கஷ்டம்?

கவர்

பேசாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. பிரஸ் மீட் முடிந்ததும் பைக்குள் வைத்துக் கொடுக்கும் கவர். 2009 தேர்தல் சமயத்தில் காசு வாங்கிச் செய்தி போட்ட விவகாரத்தை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் விசாரித்து 2010இல் அறிக்கை வெளியிட்டது. அது பெரிய முதலாளிகளின் கணக்கு. கிராமத்தில் பகுதி நிருபருக்கு மாதச் சம்பளமே சரியாக இல்லை, பல பேருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர் பெட்ரோலுக்குத் தவிக்கும்போது கவர் நீட்டுவது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அவர் வாயைக் கட்டும் வேலை அது. கட்டிய வாயிலிருந்து வரும் பாராட்டை ஊர் நம்பாது. கவர் கொடுக்கச் சொல்லும் கிளையன்டிடம் முடியாது என்று சொல்லும் துணிவு ஒப்பந்தம் போடும் நாளிலேயே இருக்க வேண்டும், முதல் பிரஸ் மீட் அன்று வராது.

நேர்மைக்கு எழுதி வைத்த நெறியும் நமக்கு உண்டு. 1958இல் உருவான இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1968 ஏப்ரல் 21 அன்று டெல்லியில் கூட்டிய முதல் அகில இந்திய மாநாட்டில், இந்தத் தொழிலுக்கான ஏதென்ஸ் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. அந்த நாளைத்தான் தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடுகிறோம். இந்தத் தொழிலின் முன்னோடியான அமெரிக்கர் ஐவி லீ, ரகசியமாக எதையும் செய்ய மாட்டோம், தகவலைத் துல்லியமாகக் கொடுப்போம் என்று 1906இலேயே பத்திரிகைகளுக்கு எழுத்தில் உறுதி தந்தார். அதே லீ 1930களில் நாஜி ஆட்சிக் கால ஜெர்மனியின் பெரிய ரசாயன நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லப்போய், 1934இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக்கு ஆளானார். கொள்கையை எழுதியவரே கிளையன்டைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கினார். லண்டனின் பெல் பாட்டிஞ்சர் மக்கள் தொடர்பு நிறுவனம் மாதம் 1 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் கம்பெனிக்காக இனப்பகையைக் கிளறும் பிரசாரம் நடத்தியது. 2017 செப்டம்பரில் அதன் தொழில் சங்கமே அதை வெளியேற்றியது. சில நாளில் கம்பெனி திவால்.

கொடைக்கானல் கற்றுத் தந்தது

தூரத்து ஊர்களை விடுங்கள். கொடைக்கானல் நமக்குப் பக்கம். அங்கே இந்துஸ்தான் லீவரின் பாதரச வெப்பமானி ஆலையின் கழிவு, 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு. நிறுவனத்தின் அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன, வழக்கும் நடந்துகொண்டே இருந்தது. 2015இல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் இதைப் பற்றிப் பாடிய ஒரு ராப் பாடல் உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி உடன்பாடு செய்துகொண்டது.

பதினான்கு ஆண்டு அறிக்கைகளை ஒரு பாட்டு தாண்டிப் போனதற்குக் காரணம் என்ன? அறிக்கைகள் ஊரை நோக்கி மட்டுமே போயின. தொழிலாளர்களின் பேச்சு நிறுவனத்தின் மேல்மாடிக்கு அதே வேகத்தில் போகவில்லை. மேல்மாடிக்கு அதைக் கொண்டுபோக வேண்டியவர் யார்? எங்கள் தொழில்காரர்தான். கிளையன்டுக்குக் கசக்கும் செய்தியை முதலில் சொல்கிறவர் நீங்களாக இருந்தால், கிளையன்டுக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். கடைசியில் சொல்கிறவர் நீதிமன்றமாக இருந்தால் நேரம் இருக்காது.

கட்டணம் கொடுக்க முடியாத கிளையன்ட்

வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் அந்தக் குறியீட்டைத் தன் சிற்பத்தின் அட்டைப் பெட்டியில் எப்படிப் போடுவது, வெளிநாட்டுக்காரர் கேட்டால் இரண்டு வரியில் எப்படிச் சொல்வது, ஆரோவில் பக்கத்துக் கடைக்காரரிடம் விலையை எப்படி நிறுத்துவது என்று மற்றக் குயவர்களுக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும். அவர்களிடம் ரீடெய்னர் கட்டப் பணம் இருக்காது. பெரிய கிளையன்டிடம் வாங்கும் காசில் ஒரு பங்கு நேரத்தை இவர்களுக்குக் கொடுப்பது இந்த மண்ணில் தொழில் செய்பவரின் கடமை என்று நினைக்கிறேன். வில்லியனூர் மையத்திலிருந்து வெளிவந்த 'நம்ம ஊரு செய்தி' இதழுக்கு விஷயம் கொடுத்தவர்கள் கிராமத்துக்காரர்கள்தான். சொல்லத் தெரியாதவர்கள் என்று நாம் நினைப்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய நான்கு வரி

இந்தத் தொழிலுக்கு வரும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. உங்களுக்கு ஊர் தெரியும், மொழி தெரியும், யார் பேச்சுக்கு மதிப்பு என்று தெரியும். சென்னை ஏஜென்சிக்கு இல்லாத முதல் அதுதான். அதை மலிவாக விற்காதீர்கள். கிளையன்டோடு ஒப்பந்தம் போடும்போது நான்கு வரியைச் சேருங்கள்.

முதல் மாதம் செய்தி எதுவும் வெளியிடாமல் ஊரைக் கேட்பதற்கு மட்டும். மாத அறிக்கையின் முதல் பக்கம் ஊர் என்ன சொல்கிறது என்பதற்கு, கட்டிங் எல்லாம் கடைசிப் பக்கத்துக்கு. நிருபருக்குக் கவர் கிடையாது. உண்மை இல்லை என்று தெரிந்த எதையும் எழுத மாட்டோம், எழுதச் சொன்னால் விலகும் உரிமை எங்களுக்கு உண்டு.

இந்த நான்கு வரியைப் பார்த்து எழுந்து போகிற கிளையன்ட் போகட்டும். எப்படியும் ஒரு நாள் அவர் உங்களைப் பொய்யராக்கிவிட்டுத்தான் போயிருப்பார். கையெழுத்துப் போடுகிறவர் நிற்பார், பத்து வருஷமும் நிற்பார். கிளையன்டை விட்டு நீங்கள் விலகலாம். சொந்த ஊரை விட்டு விலக முடியாது. நாளைக்கும் அதே டீக்கடையில் அதே பெரியவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற வேலையை மட்டும் செய்யுங்கள்.